முதலமடைக் காய்

மணிப்பூர்க் கலவரத்தில் வீடிழந்த சில குடும்பங்கள், ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்யும் சொந்தக்காரர்களைத் தேடி இடுக்கி மலையிலுள்ள வண்டன்மேட்டுக்கு வந்திருந்தன. சமுதாயக்கூடத்தில் அவர்களுக்குச் சோறும் துணியும் சேர்த்துக் கொடுப்பது என் பொறுப்பு. நாங்கள் ஊற்றிய சாம்பாரை அவர்கள் மரியாதைக்காக விழுங்கினார்கள். சிரித்து நான் பார்த்ததில்லை.

அன்று முதலமடை மாந்தோப்புக்காரர் அப்புசாமி அனுப்பிய பெட்டிகள் வேனில் வந்து இறங்கின. ஆசையாகத் திறந்தேன். அத்தனையும் கல் மாதிரி பச்சைக்காய். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. உடனே போனைப் போட்டேன்.

"பசிச்சுக் கெடக்கிறவங்களுக்குக் காயையா அனுப்புவீக, அண்ணாச்சி?"

"ஏனுங்கம்மணி, நாங்க எப்பவும் காயாத்தானுங்க பறிச்சு ஏத்துவோம். பழமா ஏத்துனா மலை ஏறறதுக்குள்ள நசுங்கிப் போயிருமுங்க. வைக்கோல்ல வெச்சீங்கன்னா நாலஞ்சு நாள்ல பழுத்துருமுங்க."

"நாலஞ்சு நாளா!" என்று நான் கத்தும்போதே பின்னால் ஒரே சிரிப்பு. வந்தவர்களில் நெய்கிம் என்ற பெண் சமையலறையிலிருந்து உப்பும் காந்தாரி மிளகாயும் அள்ளி வந்து, காயைச் சீவிப் பிசைந்துகொண்டிருந்தாள். அவளைச் சுற்றிக் கூடமே கையேந்தி நின்றது. என்னைப் பார்த்ததும் என் வாயிலும் ஒரு பிடியைத் திணித்தாள். காதுவரை எரிந்தது. நான் குதித்த குதியில் இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள்.

மாலையில் அப்புசாமியே கூப்பிட்டார்.

"கோவிச்சுக்காதீங்கம்மணி. பழுக்க வெக்கறதுக்கு ஆளு அனுப்பட்டுங்களா?"

"ஆளு வேணாம் அண்ணாச்சி. பழுக்கிறதுக்கு இங்க ஒரு காயும் மிச்சமில்ல."