மேற்கு ஜன்னல்

மேட்டு ஊரில் எவரும் மேற்கு ஜன்னல் வழியாகத் தண்ணீர் கொட்டுவதில்லை. இந்த விதி எங்கும் எழுதப்படவில்லை. ஊரின் ஒரே தெரு மலைமுகட்டின் மேலேயே ஓடுகிறது. கூரைகள் இருபுறமும் சரிகின்றன. கிழக்கே விழும் மழை பதினோரு ஆறுகளில் ஒன்றைப் பிடித்து, ஆறு நாளில் ஊர்க்காரர்கள் தங்களுடையது என்று சொல்லும் சிறிய கடலைச் சேர்கிறது. மேற்கே விழுவது பெருங்கடலுக்கு. வானம் செய்வதற்கு ஊர் பொறுப்பல்ல. கையால் கொட்டுவது முழுவதும், குளித்த நீரும் அழுத கண்ணீரும் உட்பட, கிழக்கேதான் போகும்.

மழைமானியைப் பார்த்துக் குறிக்கும் அலுவலர் ஒருமுறை ஜலதோஷ மயக்கத்தில் வாய் கொப்பளித்து மேற்கே துப்பிவிட்டார். ஏழாம் நாள் காலை கடல் இரண்டு சாண் இறங்கியிருந்தது. துறைமுகத்தில் நாற்பது படகுகள் சேற்றில் உட்கார்ந்தன. அங்கிருந்து வந்த கடிதத்தில் ஒரே வரி: "அங்கே யார் துப்பியது?" அலுவலர் மூன்று மாதம் கிழக்குப் பார்த்தே பல் துலக்கிய பிறகுதான் கடல் பழைய இடத்துக்கு ஏறியது. ஊர் அவரைத் திட்டவில்லை. தன் ஒரு வாய்த் தண்ணீரைக்கூடத் தேடும் கடல் வேறு எவருக்கு வாய்த்திருக்கிறது என்று பெருமைதான் பட்டது. பெருங்கடலிலிருந்து குறுகிய நீரிணை வழியே வந்த ஒரு கப்பல் கேப்டன், "இது கடலா? பெருங்கடலோட வராண்டா" என்று சொன்னதை மட்டும் இருபது ஆண்டுகளாக ஒருவரும் மன்னிக்கவில்லை.

முகட்டின் கடைசி வீட்டில் சலவைக்கூடம். அதை நடத்தும் அக்கா முப்பது ஆண்டுகளாகக் கொட்டிய நீரால் நாலாவது ஆறு சோப்பு மணத்தது. அவருடைய ஒரே மகள் மேற்கே இறங்கி, பெருங்கடல் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கப் போனாள். அங்கே தண்ணீர் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. மழை அவளைச் சுற்றிப் பெய்தது; குழாயடியில் நின்றால் நீர் இரண்டாகப் பிரிந்து தரையில் விழுந்தது. "குடிக்கிறது மட்டும் எப்படியோ இறங்குதும்மா. அதுவும் இப்ப தொண்டையிலயே நிக்குது" என்று எழுதினாள். திரும்பி வரச் சொன்னதற்கு, "இந்தத் துறைமுகத்துலயே உசரமான இடம் என்னோடது. வரமாட்டேன்" என்று பதில் வந்தது. காகிதத்தைப் பிரித்ததும் மை பொடியாக உதிர்ந்தது.

அக்கா ஒரு பகல் முழுவதும் யோசித்தார். பெருங்கடலுக்கு இந்த ஊர் ஒரு சொட்டும் விரும்பிக் கொடுத்ததில்லை. பிறகு அது எப்படி இந்த ஊர்ப் பெண்ணுக்கு முகம் கொடுக்கும்? உடனே சிறிய கடலின் துறைமுகத்துக்குக் கடிதம் போட்டார்: மேற்கே போன என் பெண்ணுக்காக இன்ன தேதியில் ஒரு குடம் மேற்கே ஊற்றப் போகிறேன், படகுகளை ஆழத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

செய்தி தெருவெங்கும் பரவியது. மழைமானி அலுவலர் படியேறி வந்தார்.

"அக்கா, நான் துப்பினது ஒரு வாய். அதுக்கே ரெண்டு சாண். ஒரு குடம்னா?"

"உங்க எச்சியும் என் தண்ணியும் ஒண்ணா?"

"விளையாடாதீங்க. கடல் கோவிச்சுக்கிட்டா?"

"முப்பது வருஷம் ஊத்தியிருக்கேன் தம்பி. ஒரு குடத்துக்கு முகம் சுளிக்கிற கடல்னா, அந்த கேப்டன் சொன்னதுதான் சரி. வராண்டாதான்."



குறித்த நாளன்று துறைமுகத்தின் பதில் வந்தது. மறுபடியும் ஒரே வரி: "நிறுத்தியாயிற்று. பெண் எப்படி இருக்கிறாள்?"

அக்கா அதைத் தெருவில் நின்று இரண்டு முறை உரக்கப் படித்தார். உச்சி வெயிலில் ஊர் முழுவதும் சலவைக்கூடத்தின் முன் கூடியிருந்தது. அதன் மேற்கு ஜன்னல் கட்டிய நாளிலிருந்து திறக்கப்படாதது; கொக்கி துருவேறி இறுகியிருந்தது. அலுவலரே தோள் கொடுத்து முட்டித் திறந்து, கதவு காற்றில் மூடிக்கொள்ளாதபடி பிடித்துக்கொண்டார்.

"எங்க வீட்டுப் பொண்ணு அங்க இருக்கா. பாத்துக்கோ" என்று தண்ணீரிடம் சொல்லிவிட்டு, அக்கா குடத்தை மேற்கே கவிழ்த்தார்.