மேசைக்கடியில் மின்னும் பெட்டி

வீட்டில் மூன்று கணினிகள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே யு.பி.எஸ். வாங்கி மாட்டியவன் கொழுந்தன். அன்றிலிருந்து, கரண்ட் போனால் முதலில் தானாகவே மூடிக்கொள்வது அண்ணியின் கணினிதான். மாமனாருடையதும் கொழுந்தனுடையதும் அதற்குப் பிறகும் ஜம்மென்று ஓடும்.

அதென்ன ஓரவஞ்சனை என்று அவள் உள்ளுக்குள் பொருமினாள். வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டுவிட்டால் சந்தேகப்படுவதில் என்ன சுகம்? அதிலும் இப்போது கையில் இருப்பது, கல்யாணத்துக்குப் பிறகு அவள் சொந்தமாகப் பிடித்த முதல் வேலை. ஒரு பல் டாக்டரின் புதுக் கட்டடத்துக்கு வரைபடம். இன்று சாயங்காலத்துக்குள் அனுப்பாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

கண்கொத்திப் பாம்பாகத் தேடியதில் மேசைக்கடியில் ஒன்று சிக்கியது. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சின்ன நெட்வொர்க் பெட்டி, அதுவும் யு.பி.எஸ்ஸில் செருகியிருந்தது. கரண்ட் இல்லாதபோது அதற்கென்ன வேலை? பேட்டரியைத் தின்று கொழுந்தனார் நெட்டில் விளையாடத்தான்! எல்லோரும் சாப்பிடும் நேரம் பார்த்து அதைப் பிடுங்கிச் சுவரிலிருந்த சாதாரண பிளக்கில் செருகினாள்.

மதியமே கரண்ட் போனது. அவள் கணினி மூடவில்லை. குட்டு உடைந்தது என்று அவளுக்கு ஒரே குஷி. சேமிக்கக்கூடத் தோன்றாமல் வரைந்துகொண்டே இருந்தாள். திடீரென்று பேட்டரி தீர்ந்து மூன்று திரைகளும் ஒன்றாக அணைந்தன. கரண்ட் வந்த பிறகு வரைபடம் திறக்கவே இல்லை.

"எப்படி அண்ணி?" என்று ஓடிவந்தான் கொழுந்தன். "கரண்ட் போனதும் என் கம்ப்யூட்டர் மத்ததுக்கெல்லாம் மூடச் சொல்லித் தகவல் அனுப்புமே. உங்க ஃபைல் பெருசு, சேவ் ஆக நேரமாகும். பேட்டரி நிறைய இருக்கறப்பவே பத்திரமா மூடட்டும்னுதான் உங்களோடத முதல்ல வச்சேன்."

குனிந்து மேசைக்கடியில் பார்த்தவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"பெட்டி சுவர்ல இருக்கு. கரண்டோட இதுவும் அணைஞ்சா தகவல் எப்படிப் போகும்? நான்தான் ஏதோ ஞாபகத்துல மாத்தி மாட்டியிருக்கேன். மன்னிச்சுடுங்க அண்ணி. டாக்டர் நம்பர் குடுங்க, என் தப்புன்னு நானே சொல்லிடறேன்."

பேச்சுக்குக்கூட அவன் அவளைச் சந்தேகப்படவில்லை. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

"வேணாம்ப்பா. அதைப் பிடுங்கி மாட்டினது நான்தான்."

"ஏன் அண்ணி?"

கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். பதில் அவளிடம் இருந்தது. அவள் குனிந்து, பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கி மறுபடி யு.பி.எஸ்ஸில் செருகினாள்.