இழுக்காதே, தூக்கு

விடியற்காலையில் பாத்தியில் இறங்கினால் உப்புத் தண்ணீர் முதலில் கால்வெடிப்புகளைத்தான் நலம் விசாரிக்கும். ஒவ்வொன்றாக, நிதானமாக. ஜபாருக்கு அறுபது வயது. விசாரிக்க நிறைய வெடிப்புகள் இருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு மரப்பலகையால் உப்பை வாரி வரம்போரம் ஒதுக்கினார். யூஜீனியா கூடையில் அள்ளினாள். ஐந்து மாதங்களுக்கு முன்வரை அவருக்கு ஜோடி அவளுடைய புருசன் அல்பிரட். உப்பு மூட்டையோடு ஏறும்போது லொறியில் சாத்திய பலகை சறுக்கி விழுந்தான். இடுப்புக்குக் கீழே உயிர் போய்விட்டது.

ஜபாரும் அல்பிரட்டும் போரில் ஒரே மன்னாரை வெவ்வேறு வருடங்களில் இழந்து, கற்பிட்டிக் கரையில் ஒரே உப்பளத்தில் வந்து சேர்ந்தவர்கள்.

"சாக்கை இழுக்காதீங்க!" வரம்பிலிருந்து முதலாளி கத்தினார். "அடி தேஞ்சு கிழிஞ்சா உப்பெல்லாம் மண்ணுக்குத்தான். நாலு மூலையிலயும் பிடிச்சுத் தூக்குங்க!"

பதினைந்து வருடமாகக் கேட்ட சத்தம். இன்று அது ஜபாரின் நெஞ்சில் வேறு இடத்தில் குத்தியது.

நேற்றுப் பின்னேரம் கிளினிக் தாதி றைஸா மிஸி அல்பிரட் வீட்டுக்கு வந்திருந்தாள். அல்பிரட்டைச் சரித்துப் பார்த்தாள். முதுகின் அடியில், எலும்பு முட்டும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் புண். நடுவில் கறுப்பு. அறை முழுக்க ஒரு வாடை.

"இந்த மெத்தையில ஏன் பொலித்தீன்?"

"முதலாளி அனுப்பினது மிஸி. புதுசு. ஊத்தையாகிடும் எண்டு கழட்டேல்ல," என்றாள் யூஜீனியா.

"வேர்வையும் மூத்திரமும் அதிலயே தேங்கி நிண்டு தோலை ஊற வைக்குது. இந்தச் சைக்கிள் டியூப் வளையம் ஆர் வெச்சது?"

ஜபார் கையை உயர்த்தினார். போன மாதம் அதை இடுப்புக்கடியில் செருகிவிட்டு, 'டொக்டர் ஜபார்' என்று தனக்குத்தானே பட்டம் கொடுத்துக்கொண்டவர்.

"சுத்திவர அமத்தி, நடுவுக்கு ரத்தம் போகாமப் பண்ணியிருக்கீங்க, ஜபார் நானா." அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வயசு அறுபத்தொண்டு, சீனி வருத்தம், சாப்பாடு குறைவு, உணர்ச்சியும் இல்ல. நோகாததால அவருக்கே தெரியாது. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் புரட்டணும். முட்டை, மீன் குடுங்க. வெள்ளிக்கிழமை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, செத்த சதையை வெட்டி எடுப்பாங்க. ஆனா இங்க புரட்டாட்டி அது திரும்ப வரும். விஷம் ரத்தத்தில ஏறினா ஆள் தப்பாது."

"ஒவ்வொரு நாளும் பின்னேரம் புரட்டுறம்தானே. கக்கத்தில பிடிச்சு இழுத்து..."

"இழுக்கக் கூடாது நானா. தோல் உரியும். துணியில வெச்சுத் தூக்கணும்."

அவள் புண்ணைக் கழுவினாள். கழுவியது அளவாகக் கலந்த உப்புத் தண்ணீர்தான். உப்பைச் சாக்குச் சாக்காகத் தூக்கியவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இன்று பத்து மணி நெருங்கியது. யூஜீனியா கூடையை இறக்கிவிட்டு முதலாளியிடம் போனாள்.

"முதலாளி, வீடு உந்தா தெரியுது. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா நாலு பேர் போய் அவரைப் புரட்டிப்போட்டு வாறம். பத்து நிமிசம்."

"நான் மெத்தை அனுப்பினேன்தானே? இது உப்பளமா, ஆஸ்பத்திரியா? இண்டைக்கு உன்ர புருசன், நாளைக்கு எல்லார் வீட்டிலயும் ஒரு கிழவன் படுப்பான்."

"ஓம் முதலாளி," என்றார் ஜபார். "அந்த வரிசையில அடுத்தது நான்தான். லொறிப் பலகையும் அதே பலகைதானே, இன்னும் மாத்தேல்ல."

யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

"போறவன் திரும்பி வரத் தேவையில்ல."

சிரிப்பு நின்றது. இந்த மழைக்காலத்துக்கு முன் வேறு வேலை கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரியும். ஜபாரின் வாயில் அடுத்த பகிடி வரவில்லை. வந்தது வேறொன்று.

"சாக்குக் கிழியக் கூடாது எண்டு பதினைஞ்சு வருசம் படிப்பிச்சீங்க முதலாளி. நல்லாப் படிச்சிட்டம். அந்த மனுசனைத்தான் நாங்க இழுத்துக் கிழிச்சம்."

பக்கத்துப் பாத்தியில் குணேஸ்வரி தன் பலகையைச் சேற்றில் குத்தி நிறுத்தினாள். அவளுக்கு அடுத்திருந்த தவச்செல்வனும் நிறுத்தினான். பத்தொன்பது பலகைகளும் நின்றன.

"நாலு பேர் போங்க," என்றாள் குணேஸ்வரி. "நீங்க வாறவரைக்கும் ஒருத்தரும் உப்பில கை வைக்க மாட்டம். உங்களை வேலைக்கு எடுக்காட்டி எங்களையும் எடுக்கத் தேவையில்ல."

பொலித்தீனும் டியூபும் நேற்றே முற்றத்துக்குப் போயிருந்தன. அல்பிரட்டின் கீழே விரித்த சேலையை ஜபாரும் யூஜீனியாவும் இன்னும் இருவரும் நான்கு மூலையிலும் பிடித்தார்கள்.

"ஒண்டு, ரெண்டு, தூக்கு!"

"என்னடா, மூட்டை மாதிரித் தூக்கிறியள்?" என்றான் அல்பிரட்.

"மூட்டை கனமடா," என்று சொல்ல வந்த ஜபார் பாதியில் நிறுத்தினார். அவன் அவ்வளவு லேசாக இருந்தான்.

சுவர்ப் பக்கம் கிடந்தவனை ஜன்னல் பக்கம் திருப்பி, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தார்கள். குதிக்கால்கள் மெத்தையில் படாமல் யூஜீனியா பார்த்துக்கொண்டாள். அல்பிரட் வெளியே பார்த்தான். பலகைகள் தனியே நின்றன. ஆட்கள் வரம்பில் குந்தியிருந்தார்கள். முதலாளி போனில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னடா, இண்டைக்கு லீவா?"

"இல்ல மச்சான். உன்னைப் புரட்டுறம்."

அல்பிரட் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணிலிருந்து மூக்கோரமாக ஈரம் இறங்கியது. யூஜீனியா அதைத் துடைத்தாள். ஈரம் தேங்கக் கூடாது.

ஜபார் ஜன்னலில் நின்று கத்தினார்: "பன்னிரண்டு மணிக்கு ஆர்?"

வரம்பிலிருந்து குணேஸ்வரி நான்கு விரல்களை உயர்த்தினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் கைகள் எழுந்தன.