ஆற்றில் நழுவிய ஆரணி முடிச்சு

எங்கள் வீட்டுக்காரர் குமரேசனுக்கு இரண்டு பெருமை. ஒன்று, அவர் போடும் இழைமுடிச்சு போல ஆரணியில் யாராலும் போட முடியாது என்பது. இன்னொன்று, சந்தவாசல் பக்கத்து ஏரிகளில் அவர் தூண்டிலுக்குத் தப்பிய மீனே கிடையாது என்பது. முதலாவது உண்மை. தறியில் பட்டுப் பாவில் அறுந்த இழையை அவர் முடிச்சுப் போட்டு இணைத்தால், அந்த முடிச்சைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். இரண்டாவதற்கு அவர் மட்டும்தான் சாட்சி. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரை மீன் கடையில் பார்த்ததாகச் சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வீம்பிலும் மனுஷன் குறைந்தவர் இல்லை. எங்கள் பெண் பவித்ரா, கூடப் படித்த வெம்பாக்கத்துப் பையன் டாக்டர் எழிலரசனைச் சாதி பார்க்காமல் கட்டிக்கொண்டாள். தலைதீபாவளிக்குக்கூட இவர் கூப்பிடவில்லை. பிறகு பெண்ணோடு ராசியாகிவிட்டார். மாப்பிள்ளையோடு மட்டும் மூன்று வருஷமாக நேராக ஒரு வார்த்தை கிடையாது. வீடியோ காலில் எதிரே இருப்பவரைப் பார்க்காமல், டாக்டர் சாப்பிட்டாரா என்று என்னைக் கேட்கச் சொல்வார். நான் கேட்பேன். சாப்பிட்டாயிற்று என்று சொல்லச் சொல்வார் மாப்பிள்ளை. என் காலத்துக்குள் இந்தத் தபால்காரி வேலையிலிருந்து எனக்கு விடுதலை கிடைக்குமா என்பதுதான் என் ஒரே கவலை.

எழிலரசனுக்கு ஸ்காட்லாந்தில் வேலை. மாமனாரின் பலவீனம் தெரிந்து, வடக்கே ஆளில்லாத மலைக்காட்டில் ஓடும் ஓர் ஆற்றில் ஒரு வாரம் சால்மன் பிடிக்க ஏற்பாடு செய்திருந்தார். மீன் என்றதும் இவர் வீம்பு கொஞ்சம் இளகியது. பெண்ணைப் பார்க்கப் போவதாகத் தெருவெல்லாம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

போன பிறகுதான் தெரிந்தது, பிடித்த மீனை அங்கேயே விட்டுவிட வேண்டுமாம். நான் குழம்புத்தூளும் புளியும் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போயிருந்தேன். விடுவதற்குப் பிடிப்பானேன் என்று கேட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று எல்லோரும் சிரித்தார்கள்.

ஐந்து நாள் இருவரும் மார்பளவு ரப்பர் உடுப்பு போட்டுக்கொண்டு ஐஸ் தண்ணீரில் நின்றார்கள். நடுவே இருபதடி இடைவெளி. கரையில் நான், இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் ஒரு சால்வையோடு. இன்னும் கீழே தள்ளி வீசச் சொல் என்று இவர் என்னைப் பார்த்துக் கத்துவார். எழிலரசனுக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் திருப்பிச் சொல்லும்வரை மரியாதைக்குக் காத்திருப்பார். கைடாக வந்த வெள்ளைக்காரப் பெரியவர் இதுதான் எங்கள் ஊர் மீன்பிடி முறை என்று நினைத்துக்கொண்டார்.

நாலு வருஷமாக வந்தும் எழிலரசனுக்கு ஒரு சால்மன்கூட மாட்டியதில்லை என்று பவித்ரா சொல்லியிருந்தாள். இவர் அதைக் கேட்டும் கேட்காதவர்போல் இருந்தார். கடைசி நாள் காலையில் மற்றவர்கள் குடிசையில் டீ குடிக்கும்போது மாப்பிள்ளையின் தூண்டிலை எடுத்துப் பார்த்தார். தடித்த கயிறும் மெல்லிய நைலான் இழையும் சேரும் இடத்தில், மூட்டை கட்டியதுபோல் ஒரு முடிச்சு இருந்தது. முகத்தைச் சுளித்து அதைக் கடித்துத் துப்பிவிட்டு, ஆரணி முடிச்சாக ஒன்று போட்டுவைத்தார். மாப்பிள்ளைக்காக இவர் செய்த முதல் காரியம் அது. அதைப் பார்த்தது நான் மட்டும்தான்.

பத்து மணிக்கு எழிலரசனின் தூண்டிலில் மீன் கடித்தது. ஒரு கை நீளம் இருக்கும். அது துள்ளி விழுந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். இருபது நிமிஷம் இழுத்தும் விட்டும் போராடி, கைடின் வலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார். அப்போது தூண்டில் கழி சட்டென்று நிமிர்ந்தது. மீன் போய்விட்டது. எழிலரசன் வெறும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். 

கைடு கயிற்றை இழுத்து நுனியைப் பார்த்தார். அறுபடவில்லை. முடிச்சு நழுவியிருந்தது. பட்டைக் கவ்விக்கொள்ளும் முடிச்சு ஈர நைலானில் வழுக்கும் என்று எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்? இதை யார் கட்டியது என்று கைடு கோபமாகவே கேட்டார். எழிலரசன் நுனியைப் பார்த்தார். அது தன் முடிச்சின் தடமில்லை என்று தெரிந்திருக்கும். பிறகு மாமனாரைப் பார்த்தார். அவசரத்தில் தானே கட்டிவிட்டதாக இங்கிலீஷில் சொன்னார்.

அந்த அளவுக்கு இங்கிலீஷ் இவருக்குப் புரியும். பேசாமல் இருந்திருந்தால் ஆரணி முடிச்சின் மானம் தப்பியிருக்கும். ஆனால் இவர் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மாப்பிள்ளையிடம் போனார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"எதுக்குப்பா பொய் சொல்லிகினு நிக்கற? அந்த முடிச்சு நான் போட்டது. உன் மீனு என்னாலதான் போச்சு."

எழிலரசன் பழக்கதோஷத்தில் பதிலைச் சொல்ல என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அழுகையில் பாதி வார்த்தைதான் வெளியே வந்தது.

"என்னை ஏன் பாக்கறீங்க? அவர்கிட்டயே சொல்லுங்க."