காயம் குடித்த தாள்

1964 மழைக்காலத்தில், தாராவியில் மனு எழுதிப் பிழைத்த அமிர்தநாதன், கரீம் பாட்சாவின் தோளில் இருந்த கத்திக்குத்தை அரைவட்ட மரக்கட்டையில் மாட்டிய மை ஒற்றும் தாளால் ஒற்றி எடுத்தார். மனுவில் சொட்டிய ரத்தத்தை ஒற்றப்போனவர் கை தவறித் தோளில் வைத்துவிட்டார், அவ்வளவுதான். எடுத்துப் பார்த்தால் தோளில் கீறல்கூட இல்லை. காயம் இடவலம் மாறித் தாளில் பதிந்திருந்தது. பாட்சா சட்டையை மாட்டிக்கொண்டு தோல் பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டார்.

பிறகு கேட்பானேன். உதுமான் இடது கன்னம் கிழிந்து பல் தெரிய வந்தார். கணேசபாண்டியன் சரிந்த குடலைத் துண்டில் ஏந்திக்கொண்டு வந்தார். வெட்டுகிறவன் எப்போதும் சுயம்புதான், கள்ளச்சாராயக்காரர்களின் ஆள். அமிர்தநாதன் காயத்தை ஒற்றிவிட்டுப் புகாரையும் இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பார். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் சட்டையைத் தூக்கிப் பார்த்து, "ஜக்கம் கிதர் ஹை?" என்று காயத்தைக் கேட்டு விரட்டிவிடுவார். காயம் இல்லையென்றால் கேஸ் இல்லை. இது எல்லோருக்கும் முன்னால் சுயம்புவுக்குப் புரிந்துவிட்டது. வெட்டிவிட்டு, "போவே, ரைட்டர்ட்டப் போயி ஒத்திக்கிடும்" என்று அவனே அனுப்பிவைப்பான்.

"நீங்க ஒத்த ஒத்த அவன் வெட்டிக்கிட்டுல்லா இருக்கான்" என்று மனைவி சேசம்மாள் தினமும் திட்டுவாள். அவள் சொல்வது சரிதான் என்று அவருக்கும் தெரியும். தன்னை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் ரத்தம் ஒழுக நிற்கிறவனை எப்படித் திருப்பி அனுப்புவது? கிங்ஸ் சர்க்கிளில் வாங்கிய புதுத் தாள்களெல்லாம் மையை மட்டுமே குடித்தன. இரண்டு வருஷத்தில் நாற்பத்தியொரு காயங்களைக் குடித்த பழைய தாள், கட்டையின் அடியில் கறுத்து உப்பிவிட்டது. ஊறிப்போன தாள் குடித்ததையெல்லாம் அடுத்த பக்கத்தில் கக்கிவிடும் என்பது எழுதிப் பிழைக்கிறவர்களுக்குத் தெரிந்ததே. அமிர்தநாதன் அதை இழுப்பறையில் வைத்துவிட்டு, வந்தவர்களை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

சேசம்மாள் சும்மா இருக்கவில்லை. ஸ்டேஷனுக்குப் போய், "காயம் இல்லாட்டி என்ன, கண்ணால பாத்தவ நான் இருக்கேன்" என்று சாட்சி சொன்னாள். மறுநாள் நண்பகலில் சுயம்பு வந்து, மேசைக்குப் பக்கத்திலேயே அவள் கழுத்தை அறுத்தான். அறுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான்.

"ஒத்தும்வே ரைட்டரே, பாப்போம்."

அவள் மேல் வைத்தால் நாற்பத்தியொரு காயமும் அவளுக்கு. அமிர்தநாதன் இழுப்பறையைத் திறந்து கட்டையை எடுத்தார், சுயம்புவின் நெஞ்சில் வைத்தார், கையெழுத்தை ஒற்றுவதுபோல நிதானமாக ஒருமுறை உருட்டி அழுத்தினார். தோள் துளைபட்டது, கன்னம் கிழிந்தது, வயிறு திறந்து குடல் சரிந்தது. கீழே விழுவதற்குள் செத்துப்போனான். தாள் வாங்கிய நாள்போல வெளுத்திருந்தது. அதை அவர் சேசம்மாள் கழுத்தில் வைத்து எடுத்தார். அவள் எழுந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

இன்ஸ்பெக்டருக்கு இந்தமுறை காயத்துக்குக் குறைவில்லை. நாற்பத்தியொரு பேரும் வந்து அவரவருடையதை அடையாளம் காட்டினார்கள். தாளில் மாறிப் பதிந்தது திரும்பப் பதிந்ததில் நேராகியிருந்தது. உதுமான் பிணத்தின் இடது கன்னத்தைத் தொட்டு, "என்னுதுதான், அதே எடம்" என்றார். எல்லாம் பழைய காயங்கள் என்று ஸ்டேஷன் டைரியில் எழுதிக் கேஸை முடித்தார்கள்.

சுயம்புவைத் தூக்கியபோது நாற்பத்தியொரு வீட்டாரும் பின்னால் போனார்கள். போனது அவர்கள் ரத்தமும்தானே. சேசம்மாள் மட்டும் போகவில்லை. அவளுடையது இழுப்பறையில் இருந்தது.