நாலாம் நம்பர் அறை

எங்கள் ஆஸ்பத்திரியில் பதினோரு அறைகள். வாசலில் இருந்து நடந்தால் ஒன்று, ஆறு, இரண்டு, பதினொன்று என்று வரும். கட்டிய வரிசையில் எண் போட்டதால் வந்த வினை. முதலில் ஒரே அறை, ஒரு டாக்டர், ஒரு பெஞ்ச். பிரசவத்துக்கென்று ஊர்க்காரர்கள் செங்கல் சுமந்து இரண்டாவதைக் கட்டினார்கள். மூன்றாவதற்கு இடம் கொடுத்தவர் முற்றத்துக்கு அந்தப் பக்கம்தான் கொடுத்தார். அதன் பிறகு கிடைத்த சந்திலெல்லாம் ஒன்று முளைத்தது.

இந்த வருடம் முளைத்த பதினொன்று, ஆபரேஷன் தியேட்டர். அதற்கு அனுமதி கிடைத்தால், நிறைமாதமாக இருக்கும் என் அக்கா மூன்று மணி நேரம் வண்டியில் குலுங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் பதிவு மேசையில் உட்காருகிறவள். மாலையில் வகுப்புக்குப் போகிறேன். தியேட்டர் அனுமதிக்கான ஆய்வுக்கு ஆஸ்பத்திரியின் வரைபடம் வேண்டும் என்றார் டாக்டர். வரைபடம் என்றால் வரிசை வேண்டாமா? வாசலில் இருந்து ஒன்று முதல் பதினொன்று வரை புதிதாக எண் போட்டு, பலகைகளையும் மாற்றினேன். தியேட்டர் நான்கு ஆனது. எல்லாருக்கும் சுற்றறிக்கை கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். இரண்டு முறை சரிபார்த்தேன். மூன்றாவது முறையும் பார்த்திருக்கலாமோ என்று இப்போதும் தோன்றுகிறது.

செவ்வாய்க்கிழமை வந்த ஆய்வாளர், படத்தைப் பார்த்து, "நாலாம் நம்பருக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். வாட்ச்மேன் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, நேராகத் துணி துவைக்கும் அறைக்குக் கூட்டிப் போனார். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் ஆய்வாளர் ஈரப் போர்வைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

"இங்கதான் வயித்தைக் கிழிப்பீங்களா?"

"வாட்ச்மேன் அண்ணே, இப்ப தியேட்டர்தானே நாலு! கையெழுத்துப் போட்டீங்களே!"

"போடச் சொன்னே, போட்டேன். படிக்கச் சொன்னியா?"

தலைமை நர்ஸ் வேறு வந்து சேர்ந்தார். "இத்தனை வருஷமா இதுதான் நாலு. நேத்து முளைச்சதை நாலுன்னு சொன்னா வாய்ல வருமாடி, ஸ்கேலு?" எதை எழுதினாலும் கோடு போட்டு எழுதுவதால் எனக்கு இங்கே அந்தப் பெயர்.

ஆய்வாளர் குறிப்பேட்டை மூடினார். "அவசரத்துல நாலுக்கு ரத்தம் கேட்டா இந்தத் துணி வாளிக்குத்தான் வந்து சேரும். திங்கக்கிழமை மறுபடி வரேன். படமும் பலகையும் உங்க வாயும் ஒண்ணா இருக்கணும்."

வீட்டில் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப என்னைத் துவைச்சுக் காயப்போடப் போறியா?" எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு நாள் எல்லாரையும் நிறுத்தி எண்களை ஒப்பிக்க வைத்தேன். சமையல்காரம்மா ஏழு என்று சொல்லிக்கொண்டே பத்துக்குப் போனார். டாக்டரே பழைய நினைப்பில் "மூணுல போய்ப் படுங்க" என்று சொல்ல, பலகையை நம்பிய ஒரு பெரியவர் பிரசவ அறையில் சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுமை போயே போய்விட்டது. இருபத்திரண்டு வாயைத் திருத்துவதைவிட ஒரு காகிதத்தைத் திருத்துவது சுலபம் என்று எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை? பழைய பலகைகளைத் தேடி எடுத்து மாட்டினேன். கோணல்மாணலாகவே வேறு படம் வரைந்து, ஒவ்வொரு எண்ணுக்கும் அடியில் கட்டிய வருடத்தை எழுதினேன்.

திங்கட்கிழமை ஆய்வாளர் பதினொன்று எங்கே என்றார். வாட்ச்மேன், நர்ஸ், சமையல்காரம்மா, டாக்டர் நான்கு பேரும் ஒரே பக்கம் கை நீட்டினார்கள். அவர் எண் வரிசையிலேயே எல்லா அறைகளையும் பார்க்க, முற்றத்தைக் குறுக்கே ஐந்து தடவை கடந்து, வியர்வையைத் துடைத்தார்.

"இதுல ஒரு ஒழுங்கு இருக்கா?"

"கட்டின ஒழுங்கு, சார்."

பெருமூச்சு விட்டு அனுமதி எழுதினார். அன்றைக்கே அக்காவைப் பதிவேட்டில் ஏற்றினேன்: அறை பதினொன்று, வியாழன் காலை. பக்கத்திலேயே நின்ற நர்ஸ், "போதும்டி, எத்தனை தடவைதான் பார்ப்பே" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.