பத்தியச் சாப்பாடு

வசந்தப் பண்டிகையன்று ஷவ்கி மாடியேறி வந்து மூத்த மனைவி இன்ஸாஃபின் கதவைத் தட்டியபோது அவன் கையில் செய்தித்தாளில் சுற்றிய ஃபசீக் இருந்தது. உப்பில் ஊறிக் கிடந்து நாறும் அந்த மீன் இல்லாமல் மன்சூரா நகரத்தில் பண்டிகை கிடையாது. புதுப் பெண்டாட்டி ரஷாவுக்கு நாற்றம் ஆகாதாம். வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்றுவிட்டாளாம். மூத்தவள் மூக்கு மட்டும் மரத்துப் போய்விட்டதா என்று இன்ஸாஃப் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டாள்.

வருஷக்கணக்காக அவனுக்கு உப்பைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுச் சமைத்தவள் அவள். ஊறுகாயை ஒளித்துவைத்து, பாலாடைக்கட்டியைத் தண்ணீரில் அலசி, மாத்திரையை விழுங்கும்வரை எதிரே நின்றவள். அதற்கு அவன் காபிக் கடையில் உட்கார்ந்து, "எங்க வீட்டுல ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்று தெருவே சிரிக்கச் சொன்னான். பிறகு, வாய்க்கு ருசியாகச் சமைக்கிறாள் என்று ரஷாவைக் கட்டிக்கொண்டான். அந்தச் சிரிப்பு இன்னும் இன்ஸாஃபின் காதை விட்டுப் போகவில்லை. அவன் நாசமாய்ப் போக வேண்டும் என்று தொழுகைப் பாயிலேயே கேட்டிருக்கிறாள்.

ஷவ்கி நாற்காலியில் சரிந்தான். முகம் கன்றிச் சிவந்திருந்தது.

"தலை சுத்துதுடி. பிரஷர் இறங்கிப் போச்சு. சீக்கிரம் மீனை வை, உப்பு உள்ள போனா சரியாயிடும்."

தலை சுற்றினால் பிரஷர் இறங்கிவிட்டது, உடனே உப்பாக எதையாவது தின்ன வேண்டும். அந்தத் தெருவுக்கே இதுதான் வைத்தியம்.

"மாத்திரை?"

"அதை விட்டு எத்தனையோ மாசமாச்சு. தலைவலியே இல்ல, மாத்திரை எதுக்கு?"

இன்ஸாஃப் இழுப்பறையிலிருந்து பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்தாள். இந்த நோய் சொல்லிக்கொண்டு வராது, அளந்து பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னதை அவள்தான் கேட்டாள். அவன் அன்று வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுடைய இடது கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினாள். இருநூற்றுப் பத்து. கீழே நூற்று இருபத்தைந்து. மூளையில் ரத்தக்குழாய் வெடிக்க இது போதும்.

கண்ணாடி இல்லாமல் அவனுக்கு எண் தெரியாது.

"என்ன, இறங்கியிருக்கா?"

அவள் நெஞ்சில் சந்தோஷம் பொங்கியது. அதற்காக அவள் வெட்கப்படவில்லை.

"ஆமா. நல்லா இறங்கியிருக்கு. சாப்பிடுங்க."

மீனைப் பிரித்து எலுமிச்சை பிழிந்தாள். ரொட்டியும் பச்சை வெங்காயமும் வைத்தாள். அவன் முதல் வாயைக் கண்ணை மூடிக்கொண்டு மென்றான்.

"உன் கையால இப்படி ஒரு வாய் திங்க நான் கிழவனாக வேண்டியிருக்கு பாரு."

பிறகு வெங்காயத்துக்குக் கை நீட்டினான். விரல்கள் அதைத் தாண்டி வெறும் மேசையைத் துழாவின. அவன் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

பட்டை இன்னும் அவன் கையிலேயே இருந்தது. இன்ஸாஃபின் கட்டைவிரல் போய்ப் பொத்தானை மறுபடி அழுத்தியது.

"திரும்ப எதுக்குடி?"

அடுத்த துண்டு அவன் வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. பட்டை அவன் கையை இறுக்கிக்கொண்டே போனது. எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. அவளுடைய இன்னொரு கை மீன் தட்டின் விளிம்பைப் பிடித்திருந்தது. இழுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.